கையொப்பமும் நன்கொடையும்

கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக விளங்கிய உ. வே. சாமிநாதையரவர்கள் சீவக சிந்தாமணியை அச்சிட முற்பட்டபோது, அவரிடம் ஏட்டுச் சுவடிகள் இருந்தன, பொருள் இல்லை. ஆதலின் நூல் வெளிவருமுன்னரே அன்பர் பலரை நாடிக் கையொப்பம் பெற்றார். 1887-ல் நூல் வெளிவந்தது. பெரும்புலவர் ஒருவருக்குப் பிறர் வாயிலில் நிற்பது எத்துணைக் கூச்சமாக இருந்திருக்கும்! எனினும், கையொப்பமிட்டவருக்குப் புத்தகம் வந்து சேரும் என்னும் பற்றுக்கோடு ஒன்று அங்கே இருந்தது.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரமும் பல நாட்டு அன்பர்களும் பழந்தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டெழுதிப் பிழை திருத்தி, இணையத்தில் எவரும் விலையின்றிப் பெறச் செய்தனர். முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கும் வழங்கலாம். 2003-ல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் அத்தகையதே. அதனை இயக்கும் மென்பொருளின் மூலநிரலையும் எவரும் எடுத்தாளலாம். விளம்பரம் ஏற்பதில்லை, ஆகவே அதனைப் பேணும் அறக்கட்டளை படிப்பவரிடமே நன்கொடை வேண்டுகின்றது.

இடர்ப்பாடும் இங்கேதான். கொடுத்தவரும் கொடாதவரும் ஒன்றுபோலவே பெறுகின்றனர். கொடுத்தவருக்கெனத் தனியே அளிக்க ஒன்றுமில்லை. சீட்டின்றி ஏறியவரை இறக்கிவிடும் இரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு இஃது எளிதில் விளங்கவில்லை.

இம்மலருக்காக இரசீதுப் புத்தகத்துடன் சாணக்கியபுரியில் படிப்படியாக ஏறி இறங்கினேன். “அடுத்த வாரம் வாருங்கள்” என்ற சொல்லைப் பன்முறை கேட்டேன். விக்கிப்பீடியாவின் நன்கொடை வேண்டுகோளைப் படியாமலே எத்தனை முறை மூடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவிற்கு வந்தது. அன்றிரவே முந்நூறு ரூபாய் அனுப்பினேன்.