பபிள்கம் சீட்டும் பழைய கட்டும்

ஓசூரும் கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தில் இருந்த காலம். 1987 அக்டோபர் 14-இல் பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் உலகக் கோப்பை ஆட்டம். நியூசிலாந்தை 16 ரன் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்தது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். ஆனால் நம்ம பையன்கள் கைக்கு கிரிக்கெட் வந்தது பெட்டிக்கடை வழியாக: 'பிக் ஃபன்' பபிள்கம்மோடு கிடைத்த, ரன்னும் விக்கெட்டும் அச்சிட்ட சீட்டு. கம்மைத் துப்பியாச்சு, சீட்டைச் சேர்த்து வச்சோம்.

இதற்கு அமெரிக்காவில் ஓர் அண்ணன் உண்டு: டாப்ஸ் கம்பெனியின் பேஸ்பால் சீட்டு. 1952 வரிசையில் விற்காமல் தேங்கியதை 1960-இல் கடலில் கொட்டியதாக அதை வடிவமைத்த சை பெர்கரே சொன்னார். அதே வரிசையின் மிக்கி மேன்டில் சீட்டு ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போச்சு! அழிந்ததால் வந்த அருமை அது. 1980களின் கடைசியில் எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள், கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. அவற்றில் பெரும்பாலானதுக்கு இன்று விலையே இல்லை.

அப்படித் தேங்கிய சீட்டுகளைத்தான் புது உறையில் போட்டு, 'உள்ளே அரிய சீட்டு இருக்கலாம்' என்று விற்கிறார்கள். பிரிக்கும்போது நெஞ்சு படபடக்கும், நிஜம்தான். ஆனால் மாணவத் தம்பி தங்கைகளே, ஒன்றை யோசியுங்கள்: கம்பெனி ஒட்டிய உறைக்குள் என்ன இருக்கென்று கடைக்காரருக்கும் தெரியாது. மறுபடி கட்டியவரோ உங்களுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டவர்.

அண்ணன்களே, அக்காக்களே, வீட்டுத் தகர டப்பாவில் பபிள்கம் சீட்டு கிடந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க. காசு வராவிட்டாலும், நம்ம ஊர்ப் பெட்டிக்கடையின் சரித்திரம் அது.