வைஃபை நின்றுவிட்டதா? ரீசெட் பட்டனைத் தொடும் முன் கவனிக்க வேண்டியவை

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நம் பிள்ளைகளின் பாடம் கைப்பேசிக்குள் வந்தது. அன்று முதல் வீட்டு இணையமும் மின்சாரம், குடிநீர் போல அத்தியாவசியத் தேவையாகிவிட்டது. தேர்வு விண்ணப்பம், வங்கி வேலை, வளைகுடாவில் இருக்கும் மகனின் முகம் பார்ப்பது என எல்லாம் அதை நம்பியே நடக்கின்றன.

நகரத்தில் இணைப்பு நின்றால் பழுது பார்ப்பவர் விரைவில் வந்துவிடுவார். தர்மபுரி மாவட்டம் சித்தேரி போன்ற மலை ஊர்களுக்கு அவர் அரூரிலிருந்து மலைப்பாதையில் ஏறி வர வேண்டியிருக்கும். காத்திருந்து வரவழைத்தபின், பிளக் கழன்றிருந்தது என்று தெரியவந்தால் இரு தரப்புக்கும் நாள் வீண். ஆகவே கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம்.

1. ஒரு கைப்பேசியா, எல்லாமா?

மற்றவர்களின் கைப்பேசியில் வைஃபை வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் ரூட்டரில் பழுதில்லை. இணைய மறுக்கும் கைப்பேசியை அணைத்துப் போடுங்கள். பிறகு வைஃபை பட்டியலில் உங்கள் இணைப்பின் பெயரை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டை மீண்டும் கொடுங்கள். தேதி, நேரம் தவறாக இருந்தாலும் பல இணையதளங்கள் திறக்காது. விபிஎன் செயலி இருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள்.

2. விளக்குகள் என்ன சொல்கின்றன?

எதிலும் வேலை செய்யவில்லை என்றால் ரூட்டரின் விளக்குகளைக் கவனியுங்கள். ஒன்றுமே எரியவில்லை என்றால் பிளக், சுவிட்ச், அடாப்டர் ஆகியவற்றைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஒளி பெட்டியை எட்டவில்லை என்று பொருள். வயர் மடங்கியோ நசுங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் பழுது வெளியே இருக்கிறது. நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

3. இணைந்திருக்கிறது, இணையம் இல்லை

முதலில் ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ரூட்டரை அணைத்து, 30 விநாடி கழித்துப் போட்டு, ஐந்து நிமிடம் பொறுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் போகவில்லையா? ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்புகளுக்குத் தடை உள்ளது. அங்கிருப்பவரோடு பேச முடியாததற்கு நம் ரூட்டர் காரணமல்ல.

4. ஓர் அறையில் மட்டும் வரவில்லை

பல ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். 2.4 வேகம் குறைவு, எட்டும் தூரம் அதிகம். தள்ளியிருக்கும் அறைக்கு 2.4-ஐப் பயன்படுத்துங்கள். பழைய கைப்பேசிகள் சிலவற்றுக்கு அது மட்டுமே தெரியும். ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காமல், வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் வையுங்கள்.

5. ரீசெட் வேண்டாம்

ரூட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவில் உள்ள துளைதான் ரீசெட். அதை அழுத்திப் பிடித்தால் எல்லா அமைப்பும் அழிந்துவிடும். நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போய்விட்டால், சிறு கோளாறும் பெரிய பழுதாகிவிடும். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

6. புகார் செய்யும்போது

எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது, எப்போதிலிருந்து நின்றது, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்; வருபவர் தேவையான பொருளோடு வருவார். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். ட்ராய் 2012-இல் வகுத்த விதிகளின்படி, புகார் தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். அப்போது அந்த எண் தேவைப்படும்.

இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைக் கழற்றி வைப்பதும், ரூட்டருக்கென ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி வைப்பதும் மலை ஊர்களில் பல பழுதுகளை வராமலே தடுக்கும்.