செவிலியர் ஏன் போதவில்லை

சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு 1946இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். 43,000 பேருக்கு ஒரு செவிலியர். நாடு முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர்தான். ஒரு டாக்டருக்குப் பல செவிலியர் இருக்க வேண்டிய இடத்தில், ஏழு டாக்டருக்கு ஒரு செவிலியர் என்று கணக்கு தலைகீழாக நின்றது. பயிற்சிப் பள்ளிகள் போதாது என்பதோடு குழு நிறுத்திக்கொள்ளவில்லை. தங்குவதற்கு ஒழுங்கான இடம் இல்லாததையும் வேலைப்பளுவையும் சேர்த்தே எழுதிவைத்தது. செவிலியரை மதித்தால் பற்றாக்குறை தீரும் என்று இன்று செவிலியர் தினமான மே 12 தோறும் மெழுகுவத்தி ஏற்றிப் பேசுகிறோம். மதிப்பு என்பது சம்பளமும் குடியிருப்பும் அதிகாரமும்தான் என்று எடுத்துக்கொண்டால் மட்டுமே அந்தப் பேச்சு உண்மை.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு சாதியையும் தீட்டையும் பற்றியது. முன்பின் தெரியாத ஆணின் உடலைத் தொட வேண்டும், மலஜலம் எடுக்க வேண்டும், இரவில் வீட்டுக்கு வெளியே தங்க வேண்டும். இதற்கு எந்தக் குடும்பம் பெண்ணை அனுப்பும், அரசு என்ன செய்ய முடியும் என்பார்கள். சென்னையில் அரசு பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியும், நெடுங்காலம் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர் என்பது மெய். ஆனால் ரத்தமும் சீழும் பிரசவத் தீட்டும் டாக்டருக்கும் உண்டு. ராத்திரி அழைப்பும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். எதிர்ப்பு அவருக்கும் இருந்தது. பிறகு மகளை டாக்டராக்குவது குடும்பத்துக்கே பெருமையானது. நர்ஸாக்குவது அப்படி ஆகவில்லை. தொட்ட உடல் ஒன்றுதான். வேறாக இருந்தது வேலையோடு வந்த வருமானமும், வார்டில் யார் சொல் எடுபடும் என்பதும். தீட்டுக் கதையை முழுக் காரணமாக்குவது நிர்வாகத்துக்கு வசதியான சாக்கு.

வெறும் பதவிப் பெயரும் போதாது. ராணுவச் செவிலியர் சேவையில் 1943 முதல் அதிகாரி அந்தஸ்து உண்டு. அந்த அந்தஸ்தோடு இருந்த ஒரு லெப்டினன்ட், கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988இல் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார். அது தவறு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024இல். தோளில் நட்சத்திரம் வைத்திருந்தவர் கதியே இதுவென்றால், தனியார் மருத்துவமனையில் பாண்டு எழுதிக்கொடுத்து, அசல் சான்றிதழ்களை அலுவலகப் பீரோவில் பறிகொடுத்து வேலை பார்த்தவர்களைப் பற்றி என்ன சொல்ல? அரசும் சளைத்ததல்ல. தமிழகத்தில் தேர்வெழுதி 2015இல் தேர்வான செவிலியர் பல்லாயிரம் பேர் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள்.

வளைகுடாவும் பிரிட்டனும் கொடுக்கும் சம்பளத்தோடு நாம் போட்டிபோட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முடியாதுதான். எவ்வளவு மதித்தாலும் ஒரு பகுதியினர் விமானம் ஏறுவார்கள். ஆனால் வார்டில் ஆளில்லாத அதே ஊரில், நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் செவிலியரும் இருக்கிறார்கள். அவர்கள் வெளிநாடு போகவில்லை. பணியிடம் உருவாக்கப்படவில்லை, அவ்வளவுதான். சம்பளத்தை ஏற்றினால் சுமை நோயாளி தலையில் விழும் என்பது இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதுவும் சின்ன மருத்துவமனைகளுக்கு. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவின்பேரில் அமைந்த குழு அதையும் யோசித்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசு செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும்; படுக்கை குறையக் குறைய விகிதமும் குறையும்; 50 படுக்கைக்கும் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. கேரளம் 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது, செவிலியர் பல முறை வேலைநிறுத்தம் செய்த பிறகு.