உடன் மாளாத சேனாபதி



கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஓர் இளம் குதிரை வீரனோடு தொடங்குகிறது. ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் வந்து கொண்டிருக்கிறான். இடுப்பில் ஓலை, எதிரே அறியாத ஊர்கள், வழியெங்கும் ஆபத்து. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் கிரெத்தியான் தெ த்ருவா என்பவர் பிரெஞ்சு மொழியில் பாடிய ஆர்தர் அரசனின் வீரர் கதைகளும் இவ்வாறே புறப்படுகின்றன. ஒருவன் குதிரையேறிக் கிளம்புகிறான், சோதிக்கப்படுகிறான், பெயர் பெற்றுத் திரும்புகிறான். இக்கதைகளை விரும்பாதவர் எவர்?

ஆனால் அந்த வீராணம் ஏரியைக் குறித்து வழங்கிவரும் மரபு வேறொரு கதைக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. ஏரியின் பெயர் முதலாம் பராந்தக சோழனின் வீரநாராயணன் என்னும் விருதுப்பெயரிலிருந்து வந்தது. அவனுடைய மூத்த குமாரனாகிய இராஜாதித்தன், வடதிசையிலிருந்து வரக்கூடிய படையெடுப்பை எதிர்நோக்கித் திருமுனைப்பாடி நாட்டில் பெருஞ்சேனையுடன் தங்கியிருந்தபோது, அச்சேனையைக் கொண்டே இந்த ஏரியை வெட்டுவித்தான் என்பர். அவன் கீழ் இருந்த சேனாபதி ஒருவனைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறேன். கதைப் புத்தகங்களில் அவனுக்கு அதிக இடம் கிடைத்ததில்லை.

ஐரோப்பிய வீரன் தன் தலைவன் முன் முழங்காற்படியிட்டு, கூப்பிய கரங்களை அவன் கரங்களுக்குள் வைத்து ஆணையிடுவான். நெல் விளையும் நம் நாட்டில் அந்தப் பிணைப்பு சோற்றினால் உண்டானது. ‘செஞ்சோற்றுக் கடன்’ என்று நாம் இன்றும் சொல்லுகிறோம் அல்லவா? 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரசீக வளைகுடாவின் சீராஃப் துறைமுகத்தைச் சேர்ந்த அபூ சைத் என்பவர் இந்திய அரசர் சிலரைக் குறித்து ஒரு வழக்கத்தை எழுதிவைத்தார். அரசன் பட்டமேறும் நாளில் வாழையிலையில் சோறு படைக்கப்படும். அவன் உண்டபின், தாமாக முன்வருகிற தோழர்கள் அதிலிருந்து ஆளுக்குச் சிறிதளவு வாங்கி உண்பார்கள். அவன் இறக்கும் நாளில் அவர்களும் தீயில் இறங்கவேண்டும். அவர் சோழநாட்டைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. எனினும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அரசனின் பட்டப்பெயர்களைச் சூடிய வேளைக்காரப் படைகள் பல வருகின்றன. உற்ற வேளையில் உயிர் கொடுக்க உறுதி பூண்டவர் என்பதே அப்பெயரின் பொருளென்று அறிஞர் விளக்குவர். ஒரு கவளம் சோற்றுக்கு ஓர் உயிர். கேட்பதற்கு மேன்மையாகத்தான் இருக்கிறது. அந்த உயிரோடு கட்டப்பட்டிருந்த மனைவி மக்களைப் பற்றி அக்கல்வெட்டுகள் பேசுவதில்லை என்பதையும் நான் சொல்லாமல் விடக்கூடாது.

இராஜாதித்தனின் சேனாபதி வெள்ளன் குமரன் மலைநாட்டவன். இன்றைய கேரளத்து நந்திக்கரைப் புத்தூர் அவன் ஊர். 943ஆம் ஆண்டில், இன்றைய விழுப்புரம் பக்கத்திலுள்ள கிராமம் என்னும் பெயருடைய ஊரில் அவன் ஒரு கற்றளி எடுப்பித்தான். அங்குள்ள கல்வெட்டு அவனை இராஜாதித்தனின் பெரும்படை நாயகன் என்கிறது. அயல்நாட்டான் ஒருவன் சோழ இளவரசனின் நம்பிக்கைக்கு அவ்வளவு பாத்திரனாயிருந்தான். தாவீது எருசலேமை விட்டு ஓடிய நாளில், திரும்பிப் போகச் சொல்லியும் போகாமல், சாவானாலும் பிழைப்பானாலும் உம்மோடேயே என்று நின்ற கித்தியனாகிய ஈத்தாயை (2 சாமுவேல் 15) இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

949ஆம் ஆண்டில் தக்கோலத்தில் போர் நடந்தது. இன்றைய அரக்கோணத்துக்கு அருகிலுள்ள ஊர் அது. எதிரே நின்றவன் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாகக் கங்க அரசன் பூதுகன். இராஜாதித்தன் யானையின்மேல் இருந்தபடியே மாண்டான். ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று பிற்காலச் சோழர் அவனைக் குறித்தனர். நாகப்பட்டினத்து புத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் அளிக்கப்பட்டதைச் சொல்லும் செப்பேடு, பின்னர் நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என வழங்குவது, அவன் மார்பை அம்பு பிளந்ததென்று புகழ்ந்து உரைக்கிறது. வென்றவர் தரப்பின் சாட்சி கருநாடகத்து ஆதகூரில் உள்ளது. பூதுகனின் வீரன் மணலரதன் தன் வீரத்துக்குப் பரிசாகக் கேட்டது காளி என்ற வேட்டைநாயை! அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. அந்த நாய்க்கு நட்ட நினைவுக்கல்லில்தான் தக்கோலப் போரின் செய்தியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சோழருக்கு வந்த பேரிழப்பை ஒரு நாயின் நடுகல்லில் வாசிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளன் குமரனோ சாகவில்லை. அவன் ஏன் பிழைத்தான், அன்று எங்கே இருந்தான் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. நம் இலக்கிய மரபில் வென்றவனுக்குப் பரணி உண்டு. கலிங்கம் சென்று வென்று மீண்ட கருணாகரத் தொண்டைமானைச் செயங்கொண்டார் அவ்வாறு பாடினார். மாண்டவனுக்கு நடுகல் உண்டு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகளை வகுத்திருக்கிறது. தலைவன் மாள, தான் பிழைத்தவனுக்கு ஒரு துறையும் இல்லை. எப்படி அழவேண்டும் என்றுகூட அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

பேதுருவை நாம் அறிவோம். உமக்காக என் ஜீவனையும் கொடுப்பேன் என்ற பொருளில் அவன் வாக்களித்தான் (யோவான் 13). விடியுமுன் அந்த வாக்கு முறிந்தது. அவன் ஆண்டவர் மரித்தார், அவனோ உயிரோடிருந்தான். மறுநாள் காலையில் அவனுக்கு மீந்திருந்தது அந்த உயிர் மட்டுமே. 2004 டிசம்பர் 26க்குப் பின் நம்முடைய நாகப்பட்டினக் கரையில் தப்பினவர்களின் துக்கமும் இத்தகையதே. பிள்ளையின் கையைப் பிடித்திருந்த கையை அலை பிரித்துவிட, தனியே கரைசேர்ந்த தகப்பனிடம் போய், தேவன் உன்னைக் காப்பாற்றினார் என்று அவசரமாய்ச் சொல்லுகிறவர்கள் அவன் முகத்தைச் சற்றுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆர்தரின் கதையிலும் இந்த இடம் உண்டு. தாமஸ் மாலரி எழுதி 1485இல் அச்சேறிய நூலில், வீரருள் சிறந்தவனாகிய லான்ஸ்லாட் படையுடன் கடல் கடந்து வரும்போது அரசனின் கதை முடிந்துவிட்டிருக்கிறது. தாமதமாய் வந்தவன் அவன். அதன்பின் ஆயுதங்களைக் களைந்து, துறவியாகி, ஜெபத்திலும் உபவாசத்திலும் எஞ்சிய நாட்களைக் கழிக்கிறான். சிலருக்கு இம்முடிவு சலிப்பாய்த் தோன்றும். எனக்கோ அவன் வென்ற போர்களைவிட இதுவே உண்மையாகப் படுகிறது. ஆயினும் அது கதை. நம் நாட்டில் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதன் அந்த வழியில் நடந்தான்.

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு உள்ளது. கேரளத்தில் பிறந்து, இளமையில் கலைகள் கற்று, இராஜாதித்தனுக்கு உற்ற சாமந்தனாயிருந்த வல்லபன் என்பவன், தன் தலைவனோடு போரில் மாளும் பேறு தனக்கு வாய்க்காததால் உள்ளம் வெறுத்தான் என்று அது கூறுகிறது. அவன் கங்கைக்குச் சென்று நீராடினான். பின் திருவொற்றியூரில் நிரஞ்சன குரு என்பவரிடம் உபதேசம் பெற்று, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் அவ்வூர் மடத்தின் தலைவரானார். இந்த வல்லபனும் வெள்ளன் குமரனும் ஒருவரே என்பது ஆய்வாளர் முடிவு. தன் வெட்கத்தை மறைக்காமல் கல்லில் வெட்டுவித்த சேனாபதி வேறு எவரையும் நான் அறியேன்.

கல்வெட்டின் காலம் 959. தக்கோலத்துக்குப்பின் அப்பகுதி கைமாறிவிட்டது. மூன்றாம் கிருஷ்ணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். ஆகவே அந்தச் சாசனத்துக்கு ஆண்டுக் கணக்கு அவனுடைய 20ஆம் ஆட்சியாண்டு. தன் தலைவனைக் கொன்ற பகைவனின் பெயரால் நாளெண்ணிக்கொண்டு, அதன்கீழ் இந்த முதியவர் தம் துயரத்தை எழுதுவித்திருக்கிறார். பழிவாங்கும் சொல் ஒன்றும் அதில் இல்லை. 100 நிஷ்கம் பொன்னை நரசிம்மமங்கலத்துச் சபையாரிடம் ஒப்படைத்து, திருவொற்றியூர்க் கோயிலில் ஒரு சிறப்பு வழிபாடு நடைபெற ஏற்பாடு செய்கிறார். அதற்கு அவர் குறித்தது தக்கோலப் போரின் நாளன்று. தாம் பிறந்த நட்சத்திரத்தின் நாள்.