மதராஸ் மணலில் பிறந்த பள்ளிமுறை



எளாவூர்ப் பக்கத்திலும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் ஞாயிறு பள்ளி, மாலை வகுப்பு நடத்துகிற என் பழைய மாணவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், ஆரம்பத்துல நல்லா போகுது. நடத்துறவங்க வேலைக்கோ, கல்யாணம் ஆகியோ ஊரை விட்டுப் போனதும் நின்னுபோகுது." இதற்கு ஒரு வழி நம் மதராஸிலேயே 200 ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார் 1787-இல் மதராஸ் வந்தார். 1789-இல் எழும்பூரில் தொடங்கிய ஆண் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அங்கே இருந்தவர்கள் வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகள். பலருக்குத் தாய் இந்தியப் பெண். ஆசிரியர்கள் குறைவு, இருந்தவர்களுக்கும் அக்கறை போதவில்லை.

ஒரு நாள் காலை குதிரையில் போனபோது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடம்தான். தாள் வேண்டாம், மை வேண்டாம். தவறினால் கையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். இதையே தம் பள்ளியில் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் முடியாது என்றார். உடனே பெல், ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனை எழுத்து வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தருவதும் நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் அண்ணாவிக்கு அடுத்து சட்டாம்பிள்ளை உண்டு. பின்னாளில் ஆளுநர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அரசு நடத்தியவை அல்ல, ஊர் நடத்தியவை.

பெல் 1797-இல் லண்டனில் இந்த முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் தேசியச் சங்கம் அமைத்து, ஏழைப் பிள்ளைகளுக்காக ஊர்தோறும் இம்முறைப் பள்ளிகளைத் திறந்தார்கள். அதன் பெயரே 'மதராஸ் முறை'. 1832-இல் பெல் இறக்கும்போது 12,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இதைப் பின்பற்றின என்பார்கள். மிஷன் பள்ளிகள் வழியாக இந்தியாவுக்கே அது திரும்பியும் வந்தது. வழிகாட்டிய அந்தத் திண்ணை வாத்தியார் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

ஏன் பரவியது? செலவு குறைவு. பாடம் சிறு சிறு படிகளாக இருந்ததால், நேற்றுக் கற்றவன் இன்று கற்பிக்க முடிந்தது. ஒருவர் போனால் அடுத்தவர் ஏற்கெனவே தயாராக இருந்தார். தண்டனையிலும் ஒரு மாற்றம்: குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதி, மாணவர்களே கூடி விசாரித்தார்கள். நம் திண்ணைப் பள்ளியின் கோதண்டம் அங்கே இல்லை.

குறையும் உண்டு. சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது அன்றைய பாடம் மட்டுமே. "ஏன்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அவனிடம் பதில் இருக்காது. மனப்பாடம் மிஞ்சியது. அதனால்தான் 1846-இல் இங்கிலாந்து அரசு, மூத்த மாணவர்களை ஐந்தாண்டு முறையாகப் பழக்கி ஆசிரியராக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நான் படித்த ஆசிரியர் பயிற்சியும் அந்த வழியில் வந்ததுதான். நம் தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களையே நம்பியது. அதிலும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகே வகுப்பு.

ஆகவே பிள்ளைகளே, ஞாயிறு பள்ளி ஆனாலும் மாலை வகுப்பு ஆனாலும் மூன்றைச் செய்யுங்கள். வாராவாரம் நடப்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள், அதைப் படித்து வேறொருவர் நடத்த முடிய வேண்டும். காசு கொடுத்து வாங்கும் பொருளை நம்பித் திட்டம் போடாதீர்கள். வலை, படகு என்று ஏற்கெனவே செலவுள்ள வீடுகள் அவை. மூன்றாவது முக்கியம்: இரண்டு பெரிய பிள்ளைகளை இன்றே பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள், "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு.

எந்தக் குப்பத்தில் வகுப்பு நடக்கிறது, உங்களுக்குப் பின் யார் நடத்துவார் என்று கீழே எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள், பேசுவோம்.