காரமும் கொழுப்பும்

பம்பலப்பிட்டியில், காலி வீதிக் கடையொன்றில் சவர்க்காரக் கட்டியொன்றைக் கையிலெடுத்துப் பார்க்கின்றோம். உறையின்மீது சந்தனமும் வேம்பும் மஞ்சளும் படங்களாகப் பொலிகின்றன. பின்புறத்துப் பொடியெழுத்திலோ ‘சோடியம் பாமேற்’ முதலிடம் பெறுகின்றது. அது செம்பனை எண்ணெயிலிருந்து பெறும் உப்பு. படத்துக்கும் பொருளுக்கும் இடையில் ஒரு வரலாறே மறைந்து கிடக்கின்றது.

சவர்க்காரம் என்ற சொல்லிலேயே காரம் குடியிருக்கின்றது. எண்ணெயோ கொழுப்போ காரத்துடன் கூடிச் சவர்க்காரமும் கிளிசரினும் ஆகின்றது என்பது இரசாயனம் தரும் விளக்கம். நம் முன்னோர் உடலுக்கு இலுப்பைப் பிண்ணாக்கு அரப்பையும் சீயக்காயையும் பயற்றமாவையும் தேய்த்தனர். அரப்பிலும் சீயக்காயிலும் நுரைத்தது சபோனின் என்னும் பொருள். துணிக்கோ வேறு வழி இருந்தது. சலவைத் தொழிலாளர் சோடாக்காரம் செறிந்த உவர்மண்ணில் அதனைத் தோய்த்து வெள்ளாவியில் அவித்தனர். அழுக்கிலிருந்த எண்ணெயின் ஒரு பகுதி துணியிலேயே சவர்க்காரமாயிற்று.

1791இல் பிரான்சில் லெப்லாங்க் என்பவர் கறியுப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன; போற்றட்டும். ஆனால், உவர்மண்ணை இனங்கண்ட கைகளுக்கு நம் சமுதாயம் அளித்த பரிசு யாது? தீண்டாமை! ஒரே காரம், ஆலையில் அது விஞ்ஞானம், ஆற்றுத்துறையில் இழிதொழில்!

கொழுப்பின் கதையும் இத்தகையதே. ஐரோப்பாவில் மாட்டுக்கொழுப்பும் ஒலிவ் எண்ணெயும் நெடுங்காலம் பயன்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேற்ற நாடுகளின் எண்ணெய்கள் அங்கு குவிந்தன. தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம். எனவே அதன் சவர்க்காரம் கடினமாயிருக்கும், கடல்நீரிலும் நுரைக்கும். இலங்கைத் தேங்காய் கொப்பராவாகவும் எண்ணெயாகவும் கப்பலேறிற்று. சவர்க்காரம் கப்பலில் வந்திறங்கிற்று. 1880களில் ‘சன்லைற்’ சவர்க்காரத்தைத் தொடங்கிய வில்லியம் லீவர், 1911இல் பெல்ஜியக் கொங்கோவில் செம்பனைக் காடுகளுக்குப் பெருஞ்சலுகை பெற்றார். அங்கே கட்டாய உழைப்பு தாண்டவமாடியது. வெண்ணுரைக்குப் பின்னால் கறுப்பு மக்களின் கண்ணீர் இருந்தது.

1938இல் லீவர் கம்பனி கொழும்பில் கால்கொண்டது; கிராண்ட்பாஸில் அதன் ஆலை எழுந்தது. 1941இல் தோன்றிய சுவதேசி நிறுவனம் வேம்பையும் சந்தனத்தையும் கட்டிக்குள் கொணர்ந்து புகழ்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெற்றோலியத்திலிருந்து பிறந்த சலவைத்தூள், துணி வெளுக்கும் கட்டியின் இடத்தைப் பெருமளவு கவர்ந்தது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பரந்த செம்பனைத் தோட்டங்களின் மலிவான எண்ணெய், குளியற் கட்டிகளின் அடிப்பொருளாயிற்று. மூலிகையின் பங்கு பெரும்பாலும் மணமும் நிறமும் விளம்பரமுமே.

பழையன யாவும் தூயன என்று நாம் வாதிடவில்லை. மலிவான சவர்க்காரம் ஏழை வீட்டுக்கும் சுகாதாரத்தைக் கொணர்ந்தது, அது பெரும்பேறே. எனினும், எந்த மண்ணின் எண்ணெய், எவருடைய உழைப்பு, எவருடைய இலாபம் என்ற வினாக்களை மாணவர் எழுப்பவேண்டும். நுரை அடங்கிய பின்னரே நீரின் நிறம் தெரியும்.