கேரளாவில் சிக்குன்குனியா வைரஸ் கொசு மாறியதை டி.என்.ஏ வரிசையாக்கம் காட்டிக்கொடுத்தது எப்படி?

2006-ல் கேரளாவில் சிக்குன்குனியா பரவியபோது கடலோர ஆலப்புழை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ரப்பர் தோட்டங்கள் நிறைந்த கோட்டயம், பத்தனம்திட்டா, இடுக்கி மாவட்டங்களில் மக்கள் மூட்டுவலியோடு முடங்கினார்கள். அதே நோய்தான். அப்புறம் மாறியது எது?

திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தின் விஞ்ஞானிகள் 2006, 2007, 2008 ஆண்டுகளில் எடுத்த ஆறு வைரஸ்களின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்தார்கள். ஒவ்வொன்றிலும் 11,798 எழுத்துகள். எழுத்து என்றால் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதிப்பொருட்கள், அவ்வளவுதான். அவை எந்த வரிசையில் நிற்கின்றன என்று படிப்பதே வரிசையாக்கம். (இந்த வைரஸிடம் இருப்பது ஆர்.என்.ஏ. அதை டி.என்.ஏ-வாக நகலெடுத்த பிறகே படிப்பார்கள்.)

ரீயூனியன் தீவில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்த ஒரு மாற்றம் 2007, 2008 வைரஸ்களில் இருந்தது. 2006-ல் எடுத்தவற்றில் இல்லை. ஓரிடத்தில் 'சி' போய் 'டி' வந்திருந்தது. அதனால் வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில் 226-வது அமினோ அமிலம் மாறிவிட்டது.

இந்த ஓர் எழுத்து என்ன செய்யும் என்பதை வரிசையாக்கம் மட்டும் சொல்லிவிடாது. அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் கொசுக்களுக்கு இரண்டு வகை வைரஸையும் கொடுத்துப் பார்த்தார்கள். மாறிய வைரஸ் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற புலிக்கொசுவுக்குள் எளிதாகப் பெருகுவது 2007-ல் தெரிந்தது. கேரள ரப்பர் தோட்டங்களில் மலிந்து கிடப்பது இந்தக் கொசுதான். பால் வடியும் சிரட்டையில் மழைநீர் தேங்கினாலே அதற்குப் போதும். ஆக, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூடினால் மட்டும் பத்தாது, வெட்டு இல்லாத நாட்களில் தோட்டத்துச் சிரட்டையையும் கவிழ்க்க வேண்டும்.

இன்று இதே வேலை வேகமாக முடிகிறது. 1977-ல் வந்த சாங்கர் முறை ஒவ்வொரு துண்டாகப் படிக்கும். இப்போதைய கருவிகள் லட்சக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் படிக்க, கணினி அவற்றை ஒட்டுகிறது. நானோதுளைக் கருவி கையடக்கமானது. இழை துளை வழியாக நுழையும்போது மின்னோட்டம் மாறுவதை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்கும். 2015-ல் எபோலா பரவிய கினி நாட்டுக்கே அதைக் கொண்டுபோய், மாதிரி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் முடிவு சொன்னார்கள்.

ஆனால் எந்தக் கருவியாக இருந்தாலும் ஒப்பிடப் பழைய மாதிரி வேண்டும். 2006-ன் வைரஸை எடுத்து வைக்காமல் விட்டிருந்தால், திருவனந்தபுரம் ஆய்வில் இந்த மாற்றம் 2007-ல்தான் தென்படத் தொடங்கியது என்று சொல்லியிருக்கவே முடியாது.